எரிக்கப்பட்ட ஆய்வுகூடம்: ஜோசப் பிரீஸ்ட்லியும் தொய்வுப் பிள்ளைகளும்

1791ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் திகதி. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஒரு ஹோட்டலில் விருந்து நடந்தது. பிரான்ஸில் பஸ்டீல் சிறை வீழ்ந்து இரண்டு ஆண்டுகள் நிறைவானதை நினைவுகூரும் விருந்து அது. வந்தவர்கள் உண்டு முடித்துக் கலைந்துவிட்டார்கள். அதன் பிறகு அங்கே திரண்ட கும்பல் ஹோட்டலின் கண்ணாடிகளை உடைத்தது. பின்னர் அரச திருச்சபையில் சேராத கிறிஸ்தவர்களின் வழிபாட்டு இல்லம் ஒன்றைக் கொளுத்தியது, இன்னொன்றை உடைத்தெறிந்தது. அடுத்து நகரின் விளிம்பில் இருந்த ஒரு வீட்டை நோக்கிப் புறப்பட்டது.

அந்த வீட்டுக்காரர் விருந்துக்கே போகவில்லை. மனைவியுடன் வீட்டில் பலகை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார். நண்பர்கள் ஓடி வந்து செய்தி சொன்னதும் இருவரும் கட்டிய துணியோடு வெளியேறினார்கள். சற்றுத் தொலைவில் நின்று தமது வீடு உடைபடும் சத்தத்தை அவர் கேட்டார். நூலகம் போனது. பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் போயின. அந்தக் காலத்து ஐரோப்பாவின் மிகச் சிறந்த தனியார் ஆய்வுகூடங்களில் ஒன்றும் போனது.

அவர்தான் ஜோசப் பிரீஸ்ட்லி. ஒட்சிசனைக் கண்டுபிடித்தவர் என்று பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்துபோன பெயர். அவர் கண்டறிந்த வளிகளில் இன்னொன்றும் உண்டு. அதன் பெயர் நைத்திரிக் ஒட்சைட்டு. இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்தது அந்த வளியால்தான்.

நாலந்தாவிலிருந்து வந்த கேள்வி

என் பெரியம்மாவின் மகள் வன்னியைச் சேர்ந்தவர். 2009இல் முகாமில் இருந்துவிட்டு, பிறகு மாத்தளை மாவட்டத்தின் நாலந்தாவில் திருமணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டார். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் மாத்தளையைக் கடந்து தம்புள்ளைக்குப் போகும் வழியில் இருக்கிறது நாலந்தா. வீதியின் இரு பக்கமும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். பல்லவர் பாணியில் கட்டப்பட்ட பழைய கற்கோயில் கெடிகே அங்கேதான் இருக்கிறது. போவத்தன்ன நீர்த்தேக்கத்துக்காக அந்தக் கட்டடத்தையே கல் கல்லாகக் கழற்றி, வேறிடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி அடுக்கினார்கள். எங்கள் சனத்தைப் போல அதுவும் இடம்பெயர்ந்ததுதான் என்று அக்கா பகிடியாகச் சொல்வார்.

அக்காவின் எட்டு வயது மகனுக்குத் தொய்வு. மழைக்காலத்தில் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கும். முச்சக்கரவண்டி தேடி, வைத்தியசாலைக்கு ஓடி, நெபுலைசர் பிடித்துவிட்டு விடியத் திரும்பி வருவார்கள். அண்மையில் கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் குரல் பதிவு ஒன்றை அனுப்பியிருக்கிறார். வெளிநாட்டில் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வளியை மூச்சில் கொடுத்துத் தொய்வைக் குணமாக்குகிறார்களாம், அதைப் பற்றி விசாரித்துப் பார்க்கும்படி அதில் சொல்லியிருந்தார். அக்கா எனக்கு அழைப்பெடுத்து, தம்பி நீ எழுதுகிற ஆள்தானே, இது உண்மையா என்று தேடிச் சொல் என்றார்.

நான் ஊடகக் கற்கை படித்தவன், வைத்தியன் அல்ல. ஆனால் ஒரு தகவலின் வேரைத் தேடிப் போவது என் தொழில். தேடிப் போனபோது கிடைத்தது மருந்தின் கதை மட்டுமல்ல, வீடும் நூலகமும் எரிக்கப்பட்டு நாட்டைவிட்டுப் போன ஒருவரின் வாழ்க்கையும்தான்.

திக்குவாய்ச் சிறுவன்

பிரீஸ்ட்லி 1733இல் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் பகுதியில், லீட்ஸ் நகருக்கு அருகே பிறந்தார். தந்தை துணி மெருகூட்டும் தொழிலாளி. ஆறு பிள்ளைகளில் மூத்தவர் ஜோசப். அவருக்கு ஆறு வயதானபோது தாய் இறந்தார். பிறகு பிள்ளையில்லாத, வசதியான அத்தை ஒருவர் அவரைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தார். பேச்சில் திக்கல் இருந்தது. அது வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. இளம் வயதில் கடுமையாக நோயுற்று, இனிப் பிழைக்கமாட்டார் என்று எல்லோரும் நினைத்த ஒரு காலமும் இருந்தது. அப்போது படிப்பு தடைப்பட்டது. ஆனாலும் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் கற்றவர், பிரெஞ்சு, இத்தாலியன், ஜேர்மன் மொழிகளைத் தானே படித்துக்கொண்டார்.

அவருடைய குடும்பம் அரச திருச்சபையை ஏற்காத பிரிவைச் சேர்ந்தது. அப்படிப்பட்டவர்கள் அந்தக் காலத்தில் ஒக்ஸ்போர்டிலோ கேம்பிரிட்ஜிலோ பட்டம் பெற முடியாது. அரச பதவிகளுக்கும் சட்டத்தில் தடை இருந்தது. திறமை இருந்தும் பிறப்பின் காரணமாகக் கதவு சாத்தப்படுவது எப்படி இருக்கும் என்பதைத் தரப்படுத்தலைப் பார்த்த எங்கள் தலைமுறைகளுக்கு விளக்கத் தேவையில்லை. கதவு சாத்தப்பட்டவர்கள் தங்களுக்கென்று தனிக் கல்விக்கூடங்களை நடத்தினார்கள். டவென்றி என்ற ஊரில் இருந்த அப்படியொரு கல்விக்கூடத்தில் 1752இல் பிரீஸ்ட்லி சேர்ந்தார். பழைய பாடங்களையே ஒப்புவித்துக்கொண்டிருந்த பெரிய பல்கலைக்கழகங்களைவிட அங்கே விவாதத்துக்கு அதிக இடம் இருந்தது. ஒரு விடயத்தை இரு பக்கமும் நின்று வாதிடும் பழக்கம் அங்கேதான் அவருக்கு வந்தது.

திக்குவாய் உள்ள ஒருவர் பிரசங்கியாரானால் என்ன நடக்கும்? முதல் ஊரில் சபை சுருங்கியது. சம்பளமும் சொற்பம். அடுத்த ஊரில் பாடசாலை தொடங்கினார். மாணவர்களுக்குக் காட்ட ஒரு காற்றுப் பம்பியும் மின்சாரப் பொறியும் வாங்கினார். 1761இல் வொரிங்டன் கல்விக்கூடத்தில் ஆசிரியரானார். அடுத்த ஆண்டு மேரி வில்கின்சனைத் திருமணம் செய்தார். லண்டனில் பெஞ்சமின் பிராங்ளினைச் சந்தித்தார். அவர் கொடுத்த ஊக்கத்தில் மின்சாரத்தின் வரலாற்றை நூலாக எழுதி 1767இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே ரோயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியிருந்தது.

சாராயவடிக்குப் பக்கத்து வீடு என்று சொல்லலாமா

1767இல் லீட்ஸ் நகரில் ஒரு சபைக்குப் போதகராகப் போனார். குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் பியர் காய்ச்சும் இடம் இருந்தது. பெரிய தொட்டிகளில் நுரைத்துப் பொங்கும் திரவத்தின் மேல் ஒரு பாரமான வளி படிந்து கிடப்பதைக் கண்டார். எரியும் குச்சியை அதற்குள் நீட்டினால் அணைந்துவிடும். இன்று நாம் காபனீரொட்சைட்டு என்று சொல்லும் வளி அது. அதைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பார்த்தார். சோடா தயாரிக்கும் வழியை 1772இல் சிறு நூலாக வெளியிட்டார். அதில் காசு பார்க்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை.

அதே நகரில்தான் மூடிய சாடிக்குள் புதினாச் செடியை வைத்துப் பார்த்தார். மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றில் செடியைச் சில நாட்கள் விட்டால், அந்தக் காற்றில் மறுபடியும் மெழுகுவர்த்தி எரிந்தது. சுண்டெலியும் உயிரோடு இருந்தது. கெட்டுப்போன காற்றைப் பச்சை இலை திருத்துகிறது என்ற உண்மையை மனிதர் முதன்முதலில் கண்டது இப்படித்தான்.

1772 ஜூன் 4ஆம் திகதி அவர் பித்தளைத் துண்டை நைத்திரிக் அமிலத்தில் போட்டு, வெளிவந்த வளியைக் கண்ணாடிக் குழாயில் பிடித்தார். அதற்கு நிறமே இல்லை. ஆனால் சாதாரண காற்றோடு கலந்த உடனே செம்பழுப்பு நிறப் புகை எழுந்தது. அந்தப் புகை தண்ணீரில் கரைந்ததும் குழாய்க்குள் இருந்த காற்றின் அளவு குறைந்தது. அவருக்கு முன்பே ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற மதகுரு இந்தச் செம்புகையைக் கண்டு எழுதி வைத்திருந்தார். அந்த வளியைத் தனியே பிடித்து, அதன் குணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தவர் பிரீஸ்ட்லி. இதுவே நைத்திரிக் ஒட்சைட்டு. சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைத்திரசு ஒட்சைட்டையும் அவர்தான் முதலில் தயாரித்தார். பெயர்கள் ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு வளிகள். முதலாவதை நேரடியாக மூச்சில் இழுத்தால் உயிருக்கே ஆபத்து.

அந்தச் செம்புகையில் பிரீஸ்ட்லி ஒரு அளவுகோலைக் கண்டார். மூச்சுவிட ஏற்ற நல்ல காற்றோடு கலந்தால் அளவு நன்றாகக் குறைகிறது. சாதாரண காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. கெட்ட காற்றோடு கலந்தால் அவ்வளவாகக் குறைவதில்லை. அதுவரை ஒரு காற்று நல்லதா கெட்டதா என்று அறிய ஒரு சுண்டெலியை உள்ளே விட்டு, அது எத்தனை நிமிடத்தில் சாகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. இனி எலி தேவையில்லை, ஒரு குழாயும் தண்ணீரும் போதும். ஐரோப்பா முழுவதும் விஞ்ஞானிகள் இந்த முறையைக் கையாண்டு சதுப்பு நிலத்துக் காற்று, வைத்தியசாலைக் காற்று, மலைக்காற்று என்று அளக்கத் தொடங்கினார்கள்.

ஒட்சிசனை அடையாளம் காட்டியதும் இதே அளவுகோல்தான். 1774 ஓகஸ்ட் 1ஆம் திகதி, ஷெல்பர்ன் பிரபுவிடம் பணியாற்றிய காலத்தில், இரச ஒட்சைட்டின் மேல் பெரிய வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து ஒரு வளியைப் பிடித்தார். அதில் மெழுகுவர்த்தி அபாரமாக எரிந்தது. 1775இல் அதை நைத்திரிக் ஒட்சைட்டோடு கலந்து சோதித்தபோதுதான் இது சாதாரண காற்றைவிட மேலானது என்று விளங்கியது. அதே அளவு சாதாரண காற்றில் கால் மணி நேரம் தாங்கக்கூடிய சுண்டெலி இதில் அரை மணி நேரம் தாங்கியது. வெளியே எடுத்துச் சூடுகாட்டியதும் எழுந்து ஓடியது. அவர் தாமும் அதை இழுத்துப் பார்த்தார். நெஞ்சு சற்று நேரம் இலேசாக இருந்ததுபோல் உணர்ந்தார். நுரையீரல் நோயாளருக்கு இது ஒருநாள் உதவலாம் என்று எழுதினார். நல்ல உடம்புக்காரர் தொடர்ந்து இழுப்பது சரியல்ல என்றும் கூடவே எச்சரித்தார். வைத்தியசாலைக் கட்டிலில் ஒட்சிசன் முகமூடியோடு கிடக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் அந்தக் குறிப்போடு ஓர் உறவு உண்டு.

பாரிஸில் லவோசியேயைச் சந்தித்தபோது தான் கண்டதை மறைக்காமல் சொன்னார். அதை வைத்து லவோசியே புதிய இரசாயனவியலைக் கட்டினார். பிரீஸ்ட்லியோ எரிபொருளிலிருந்து புளோஜிஸ்தன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்ற பழைய கொள்கையைக் கடைசி வரை விடவில்லை. அதில் அவர் தவறினார். ஆனால் கண்டதைக் கண்டபடி, தோற்றுப்போன சோதனைகளையும் சேர்த்து எழுதி வைத்ததால், அவருடைய கொள்கை பொய்த்த பிறகும் அவருடைய சோதனைகள் நின்றன.

மூன்று நாள் தீ

1780இல் பர்மிங்ஹாமில் போதகரானார். ஜேம்ஸ் வாட், மத்தியூ போல்டன், இராஸ்மஸ் டார்வின் போன்றவர்கள் முழுநிலவை ஒட்டிய நாட்களில் கூடி விஞ்ஞானம் பேசும் லூனார் சொசைட்டியில் அவரும் ஒருவர். வீடு திரும்பும் வழிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காகவே முழுநிலவு நாட்கள்.

அவர் பேசியது விஞ்ஞானம் மட்டும் அல்ல. தம் பிரிவினருக்குச் சம உரிமை கேட்டார். அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பிரசங்கித்தார். அமெரிக்கப் புரட்சியையும் பிரெஞ்சுப் புரட்சியையும் ஆதரித்தார். பழைய பிழைகளின் கட்டடத்துக்கு அடியில் சிறிது சிறிதாக வெடிமருந்து வைக்கிறோம் என்ற கருத்தில் ஒருமுறை எழுதிவிட்டார். அவர் சொன்னது வாதங்களை. எதிராளிகள் அதை அப்படியே உண்மை வெடிமருந்தாக்கிப் பரப்பினார்கள். கேலிச்சித்திரங்கள் வந்தன, வெடிமருந்து ஜோ என்று பட்டப்பெயர் வந்தது. ஒரு மனிதரின் ஒரு வரியை வெட்டி எடுத்து, அவரைத் துரோகியாக்கி, பிறகு கும்பலை அனுப்புவது எந்த நூற்றாண்டிலும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது.

ஜூலை 14இல் தொடங்கிய கலவரம் 17ஆம் திகதி வரை நீடித்தது. திருச்சபையின் பெயராலும் மன்னரின் பெயராலும் கோஷமிட்டவர்கள் நான்கு வழிபாட்டு இல்லங்களையும் 27 வீடுகளையும் தாக்கினார்கள். உள்ளூர் நீதவான்கள் ஆரம்பத்தில் கும்பலைத் தடுக்க ஒன்றும் செய்யவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. அது நியாயமானது என்றே பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். படை வந்து சேர்ந்தபோது எரிய வேண்டியவை எரிந்து முடிந்திருந்தன. பின்னர் ஒரு சிலர்தான் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். குற்றவாளிகளாகக் காணப்பட்டவர்கள் நான்கே பேர். பிரீஸ்ட்லிக்குக் கிடைத்த நட்டஈடு அவர் கேட்டதைவிடக் குறைவு. எரிந்த கையெழுத்துப் பிரதிகளுக்கு யார் விலை போட முடியும்?

1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அது ஒரு இனத்தின் பொதுச் சொத்து. பிரீஸ்ட்லியின் நூலகம் தனி மனிதருடையது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் மறுபிரதி இல்லாத ஒரு கையெழுத்து எரிந்தால் அது எரிந்ததுதான் என்பதை எங்களைவிட நன்றாக யார் அறிவார்?

கடல் கடந்து

பிரீஸ்ட்லி பர்மிங்ஹாமுக்குத் திரும்பிக் குடியேறவே இல்லை. லண்டனுக்கு அருகே ஹக்னியில் வீடு எடுத்து, நண்பர்கள் அனுப்பிய பணத்திலும் கருவிகளிலும் ஆய்வுகூடத்தை மறுபடி அமைத்தார். ஆனால் அவருக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கவும் ஆட்கள் பயந்தார்கள். ரோயல் சொசைட்டியின் சக உறுப்பினர்கள் பலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் எதிர்காலம் இல்லை என்று முடிவெடுத்தார்கள். 1794 ஏப்ரலில், 61 வயதில், மனைவியோடு கப்பல் ஏறினார். அவர் கடலில் இருந்தபோதே, மே 8ஆம் திகதி, பாரிஸில் லவோசியேயின் தலை வெட்டப்பட்டது. ஒட்சிசனின் கதையில் வரும் இருவரில் ஒருவரை மன்னராட்சியின் கும்பல் விரட்டியது, மற்றவரைப் புரட்சியின் அரசு கொன்றது.

1794 ஜூன் 4ஆம் திகதி நியூயோர்க்கில் இறங்கினார்கள். நைத்திரிக் ஒட்சைட்டைப் பிடித்து அன்றைக்குச் சரியாக 22 ஆண்டுகள். பென்சில்வேனியாவில் நோர்தம்பர்லண்ட் என்ற சிற்றூரில் வீடு கட்டத் தொடங்கினார். இளைய மகன் ஹென்றி 1795இல் இறந்தார். வீடு முழுமையாக முடியும் முன்பே 1796இல் மேரியும் இறந்தார். புதிய நாட்டிலும் அவரைச் சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டவரை நாடுகடத்தும் சட்டம் வந்த காலத்தில் அவர் பெயரும் அடிபட்டது. புலம்பெயர்ந்து போனவர்களின் முதற் சில ஆண்டுகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த வீட்டோடு சேர்த்து ஓர் ஆய்வுகூடம் கட்டினார். காபனோரொட்சைட்டைத் தனி வளியாகக் காட்டும் சோதனைகளை அங்கேதான் செய்தார்.

அவர் விட்டுவந்த நாட்டில் அந்தக் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. தோமஸ் பெடோஸ் என்ற வைத்தியர் 1799இல் பிரிஸ்டல் நகருக்குப் பக்கத்தில் ஒரு நிலையம் தொடங்கினார். பிரீஸ்ட்லி காட்டிய வளிகளை மூச்சில் கொடுத்துத் தொய்வையும் கசத்தையும் குணமாக்கலாம் என்பது அவருடைய நம்பிக்கை. மகளைக் கசத்துக்குப் பறிகொடுத்த ஜேம்ஸ் வாட் அதற்கான கருவிகளை வடிவமைத்தார். அங்கே வேலை செய்த இளைஞர் ஹம்ப்ரி டேவி நைத்திரிக் ஒட்சைட்டையே இழுத்துப் பார்க்கத் துணிந்தார். வாயிலும் தொண்டையிலும் இருந்த காற்றோடு அது கலந்து அமிலமாகி வாயைச் சுட்டது. அவர் தப்பியது பெரும் அதிர்ஷ்டம். குணப்படுத்துவதாகச் சொல்லித் தொடங்கிய நிலையம் எந்தத் தொய்வையும் குணமாக்கவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், 1802 அளவில், சென்னையிலிருந்து பிரித்தானிய இராணுவ அதிகாரி ஒருவர் ஊமத்தையைச் சீமைக்குக் கொண்டுபோனார். தொய்வுக்கு ஊமத்தைப் புகை பிடிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இருந்தது. அது ஐரோப்பாவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. ஊமத்தை நஞ்சு, இன்று யாரும் அதைத் தொடக்கூடாது. ஆனால் அதில் உள்ள அற்றோபின் வகைப் பொருளைத் திருத்தி உருவாக்கிய மருந்தொன்று இப்போதும் நெபுலைசரில் போடப்படுகிறது.

பிரீஸ்ட்லி 1804 பெப்ரவரி 6ஆம் திகதி நோர்தம்பர்லண்டில் இறந்தார்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு

நைத்திரிக் ஒட்சைட்டை வெகுகாலம் எல்லோரும் வெறும் நச்சுப் புகையாகவே பார்த்தார்கள். வெடிமருந்தாகவும் நெஞ்சுவலி மருந்தாகவும் பயன்பட்ட நைத்திரோகிளிசரின் எப்படி வேலை செய்கிறது என்பதும் புதிராகவே இருந்தது. 1977இல் பெரிட் முராட், அது உடலுக்குள் நைத்திரிக் ஒட்சைட்டை விடுவிப்பதால்தான் இரத்தக் குழாய் தளர்கிறது என்று காட்டினார். நம் இரத்தக் குழாய்களே அந்த வளியைத் தயாரிக்கின்றன என்பது 1980களில் தெரிந்தது. இதற்காக முராட், ரொபர்ட் பர்ச்கொட், லூயிஸ் இக்னாரோ மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த கேள்வி, அதை மூச்சில் கொடுத்தால் என்ன என்பது. பிறந்தவுடன் நுரையீரல் இரத்தக் குழாய்கள் திறக்காமல் நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கு மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். அளவு, பத்து இலட்சம் பங்கு காற்றில் 20 பங்கு. பலன் கிடைத்தது. 1999இல் அமெரிக்கா அந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது.

கனடாவிலிருந்து வந்த குரல் பதிவின் வேர் இங்கே இருக்கலாம். ஆனால் சிசுவின் அந்த நோய் இரத்தக் குழாயின் சுருக்கம், தொய்வு மூச்சுக்குழாயின் சுருக்கமும் அழற்சியும். 1990களில் தொய்வு நோயாளரிடம் நடந்த சிறு ஆய்வுகளில் இந்த வளி மூச்சுக்குழாயைச் சிறிதளவுதான் விரித்தது. எங்கள் பிள்ளைகள் பம்பில் இழுக்கும் சல்பியூட்டமோலுக்கு அது ஈடாகவில்லை. செயற்கைச் சுவாசத்தில் இருந்த சில பிள்ளைகளுக்கு, வேறு எதுவும் கைகொடுக்காத நிலையில் கொடுத்துப் பலன் கண்டதாகத் தனித்தனி நோயாளர் அறிக்கைகள் உண்டு. அதை வைத்து இது தொய்வுக்கு மருந்து என்று சொல்ல முடியாது. எந்தப் பெரிய வழிகாட்டியிலும் பிள்ளைகளின் தொய்வுக்கு வழமையான சிகிச்சையாக அது இல்லை.

ஆபத்தும் உண்டு. 1772இல் பிரீஸ்ட்லியின் குழாயில் எழுந்த அதே செம்பழுப்புப் புகை, அதாவது நைதரசனீரொட்சைட்டு, நோயாளியின் குழாயிலும் எழும். அது மூச்சுக்குழாயை அரிக்கும், தொய்வைக் கூட்டும். ஆகவே அந்த வளியைக் கொடுக்கும் இயந்திரம் ஒவ்வொரு நொடியும் செம்புகையின் அளவைக் கண்காணிக்க வேண்டும். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே கையாளக்கூடிய பொருள் அல்ல அது. டீசல் வாகனப் புகையிலும் எரிவாயு அடுப்பிலும் வரும் நைதரசனீரொட்சைட்டே தொய்வுப் பிள்ளைகளுக்குப் போதுமான கெடுதல் செய்கிறது.

ஆனால் அந்த வளி வேறொரு வழியில் தொய்வு வைத்தியத்துக்குள் வந்துவிட்டது. நாம் வெளிவிடும் மூச்சில் சிறிதளவு நைத்திரிக் ஒட்சைட்டு இருப்பதைச் சுவீடன் ஆய்வாளர்கள் 1991இல் கண்டார்கள். தொய்வு உள்ளவர்களின் மூச்சில் அது கூடுதலாக இருப்பது 1993இல் தெரிந்தது. மூச்சுக்குழாயில் அழற்சி இருந்தால் அங்குள்ள கலங்கள் அதை அதிகம் தயாரிக்கின்றன. இன்று வசதியுள்ள நாடுகளில் பிள்ளை ஒரு கருவிக்குள் மெதுவாக ஊதினால் போதும். நூறு கோடிப் பங்கில் 35க்கு மேல் இருந்தால் ஸ்டீரொய்ட் பம்புக்குக் கட்டுப்படும் வகை அழற்சி இருக்க வாய்ப்புண்டு என்று வைத்தியர் கணிக்கிறார். பம்பை ஒழுங்காக எடுக்கிறார்களா என்றும் ஓரளவு தெரியும். பிரீஸ்ட்லி அந்த வளியை வைத்துக் காற்றை அளந்தார், இன்றைய வைத்தியர்கள் அதை வைத்துப் பிள்ளையின் மூச்சுக்குழாயை அளக்கிறார்கள். இரண்டு முறையும் அது அளவுகோலாகத்தான் உதவியிருக்கிறது.

ஆகவே அக்காவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். அந்த வளியைத் தேடி அலைய வேண்டாம், காணியை ஈடுவைக்கவும் வேண்டாம். இழுப்பு இல்லாத நாளிலும் தினமும் எடுக்கச் சொல்லிக் கொடுத்த தடுப்புப் பம்பைத் தானாக நிறுத்தக்கூடாது. பம்பு பழகினால் விட முடியாது என்று அயலவர் சொல்வதைக் கேட்டுப் பல பெற்றோர் நிறுத்துகிறார்கள். இரவு ஓட்டங்களில் பல அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஸ்பேசர் வைத்துச் சரியாக இழுக்கிறானா என்று கிளினிக்கில் ஒருமுறை காட்டிச் சரிபார்க்க வேண்டும். விறகடுப்பின் புகை படுக்கும் அறைக்குள் வராமல் பார்க்க வேண்டும். பேச முடியாத அளவுக்கு இழுத்தாலோ உதடு நீலித்தாலோ விடியும் வரை காத்திருக்கக்கூடாது.

இதில் வீட்டாரின் பொறுப்பு பாதிதான். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது தொய்வுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எப்படி அலைந்தார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. தூரத்து ஊர் வைத்தியசாலைகளில் தடுப்புப் பம்பும் ஸ்பேசரும் ஒட்சிசனும் எந்த நாளும் இருப்பதை உறுதி செய்வது அரசின் கடமை. வெளிநாட்டு அதிசய வளியைப் பற்றிக் கேட்பதைவிட நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பிரீஸ்ட்லியின் கடைசி நாளைப் பற்றி ஒரு செய்தி உண்டு. படுக்கையில் கிடந்தபடி ஒரு கையெழுத்துப் பிரதிக்கான திருத்தங்களை அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். பிழை இருந்தது. மறுபடி தெளிவாகச் சொல்லி எழுதவைத்தார், இப்போது சரி என்றார். கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிந்தது. எரிந்துபோனவற்றுக்குப் பிறகும் ஏறத்தாழ 13 ஆண்டுகள் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். 1874இல், ஒட்சிசனின் நூற்றாண்டு நினைவாக, அமெரிக்க இரசாயனவியலாளர்கள் நோர்தம்பர்லண்டில் அவருடைய வீட்டில் கூடினார்கள். அமெரிக்க இரசாயனச் சங்கம் பிறப்பதற்கு அந்தக் கூட்டமே வழிகாட்டியது. அந்த வீடு இன்றும் இருக்கிறது, அருங்காட்சியகமாக.